அத்தை பூ வைத்த படம்

எதையும் அரைகுறையாகத் தெரிந்தவர்களால் பெரிய சேதம் வருவதில்லை. அவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். சேதமெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்களால்தான். கேமரா விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி நாளிலேயே முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் முப்பத்தெட்டு எடுத்துக் காட்டியவள் நான் (பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்ததுண்டு).

தொண்ணூறுகளின் கடைசியில், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் தங்கை சித்ராவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது வள்ளியூர் அத்தை. போனில் மாப்பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மதினி, எங்க அத்தை சித்ராவுக்குப் பூ வைக்கத மட்டும் எடுத்து மெயில்ல அனுப்பிருங்க. பக்கத்துல நின்னு பாக்கத்தான் கொடுத்து வைக்கல."

மெயில் என்றதும் எனக்கு டிஜிட்டல் கேமரா ஆசை வந்துவிட்டது. பேசி வைத்திருந்த ஸ்டுடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலப்பாளையத்தில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் போனேன். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் படம் சேரும் கார்டைத் தனியாகச் செருக வேண்டும். இன்னொன்றில் கார்டே கிடையாது, பதினாறு படம் உள்ளேயே தங்கும். இரண்டே பொத்தான். ரோல் மாட்டுகிற மூடி இல்லாததால் யாரும் தவறித் திறந்து வெளிச்சம் பட்டுப் படம் பாழாகாது. இதைவிட எளிய கேமரா உலகத்தில் உண்டா?

"இதையே கொடுங்க."

"எடுத்துக்கோங்கம்மா. ஆனா இதுல ஒரு சங்கதி இருக்கு. பேட்டரிய மட்டும்..."

"அண்ணாச்சி, நான் பத்து வருசமா கேமரா பிடிக்கேன்."

அவர் உடனே பில் போட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

நிச்சயத்தன்று அத்தை சித்ராவுக்குப் பூ வைத்தார். "அவன் இருந்திருக்கணும்ளா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் படம் எடுத்துவிட்டேன். மொத்தம் பதினான்கு எடுத்து இரண்டை மிச்சம் வைத்தேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். தீபாவளிக்குப் போட்ட ரோலில் பொங்கலுக்கும் இரண்டு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது.)

எல்லாம் முடிந்ததும், பொறுப்பான கேமராக்காரி செய்ய வேண்டியதைச் செய்தேன். பேட்டரிகளைக் கழற்றினேன். விட்டு வைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும் அல்லவா? ரேடியோ, டார்ச், ஃபிளாஷ் எதுவானாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். கழற்றியதை மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்போம். காய வைத்தேன்.

மறுநாள் பேட்டரிகளைத் திரும்பப் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்தியவர் கேமராவில் வயரை மாட்டிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லயேம்மா."

"லைட்ட அணைச்சிட்டுப் பாருங்க" என்றேன், ஃபிலிம் கழுவும் இருட்டறை நினைப்பில்.

அவர் லைட்டை அணைக்கவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். பேட்டரியைக் கழற்றினால் படங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்று முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அத்தையைத் திரும்பக் கூப்பிடலாம் என்றால், அவர் அன்று காலையில்தான் மகள் பிரசவத்துக்காகப் பம்பாய்க்கு ரயிலேறியிருந்தார். மஸ்கட்டில் மாப்பிள்ளை காத்திருக்கிறார். வேறு வழியில்லாமல் அப்பா அதே ஸ்டுடியோக்காரரை அழைத்தார். "டிஜிட்டல் என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வழியையும் அவரே சொன்னார்.

"பூ வைக்கவங்க முதுகு மட்டும் தெரிஞ்சா போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை கட்டியிருந்தது அரக்குப் பட்டு. கிட்டத்தட்ட அதே நிறத்தில் அம்மாவிடம் ஒன்று இருந்தது. அதை எனக்குக் கட்டிவிட்டு, அத்தையின் உடம்பு வருவதற்கு உள்ளே இரண்டு துண்டைச் சுற்றினார்கள். கொண்டை போட்டு, நரைக்காகப் பவுடர் தடவினார்கள். சித்ரா சிரிப்பை அடக்கித் தலைகுனிந்ததை எல்லோரும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். படம் அருமையாக வந்தது. பிரிண்ட் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினோம்.

கல்யாணத்துக்கு வந்த அத்தை எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் படத்தில் நின்றார்.

"ஏளா, இது என் முதுகு இல்லயே."

"அப்படியா அத்தை?" என்றேன்.

"அம்பத்தெட்டு வருசமா சுமக்கேன். எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அவன் பாத்தானா?"

"பாத்தாவ. அழுதுட்டாவளாம்."

"யாரு முதுகப் பாத்துலா அழுதிருக்கான், கோட்டிப்பய!" என்று அத்தை சிரித்த சிரிப்பில் பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் அன்றைக்கே மணமேடைக்குப் போய்விட்டது. அதிலிருந்து தங்கை வீட்டுக்காரர் யாரிடமானாலும் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்.

"சித்ராவுக்கு அக்கா. எங்க அத்தைக்கு முதுகு."