விசில் அக்காவும் நனைந்த பதிவாளரும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தருக்குப் பயப்படாதவர்கள் உண்டு. தேர்வுக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். விசில் அக்காவுக்குப் பயப்படாத ஜீவன் மட்டும் அந்த வளாகத்தில் கிடையாது, வாசலில் படுத்திருக்கும் நாய் உட்பட.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது வளாகம். அக்காவுக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. பெண்கள் விடுதியில் மோட்டார் போடுகிற வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களில் யாருக்கும் தெரியாது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டு வாங்கியது என்பார்கள், பிடுங்கியது என்பவர்களும் உண்டு.

பாலவனத்தத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, விடுதியின் மூன்றாம் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே விசில் அலறியது.

"மூணாம் நம்பரு! தலைக்குக் குளிக்கியா, யானையக் கழுவுறியா?"

"ஷாம்பு போக மாட்டேங்குது அக்கா!"

"அரைப் பாட்டில ஊத்துனா எப்பிடிப் போகும்? நாளைக்கு வா, எம்புட்டு ஊத்தணும்னு காட்டுறேன்."

மறுநாள் உண்மையிலேயே காட்டினார். முப்பது பெண்கள் வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்ட, கோயில் தீர்த்தம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் ஷாம்பு. வார்டன் மேடமும் வரிசையில் நின்றார்.

ஒருமுறை நீர் சேமிப்பு பற்றிப் பேச மதுரையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு மணி நேரம் உருகினார். கூட்டம் கலைகிற நேரத்தில் அக்கா உள்ளே புகுந்து, நாற்காலிகளுக்கு அடியில் பாதி குடித்துவிட்டுப் போட்டிருந்த பாட்டில்களையெல்லாம் பொறுக்கி மேடையில் அடுக்கினார். மேடையே மறைந்துவிட்டது. பேச்சாளர் முன்னால் இருந்ததும் பாதி பாட்டில்தான். அக்கா அவரிடம் மிகவும் பணிவாகக் கேட்டார்: "மிச்சத்தக் குடிக்கியளா சார், வேப்பங்கன்னுக்கு ஊத்திரவா?"

அவர் மடக்கென்று குடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

இதெல்லாம் விளையாட்டு. வினை ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைந்து மோட்டார் காற்றைத் துப்பியது. ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீரை ஏற்றி நிரப்பும் தொட்டி சாயங்காலத்துக்குள் காலி. ஒரு வெள்ளிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: திங்கள் முதல் பெண்கள் விடுதி மூடப்படும், இறுதித் தேர்வு, மழை பெய்த பிறகு.

என் அறைத்தோழி முத்துலட்சுமி அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் காரியாபட்டி. வீட்டில் தாய்மாமனைத் தயாராக வைத்திருந்தார்கள். "இப்பப் போனா திரும்ப விடமாட்டாக. பரீட்சை எழுதாமலே கழுத்த நீட்டணும்" என்றாள்.

மோட்டார் அறையிலிருந்து வந்த அக்கா இதைக் கேட்டார். சேலையைச் செருகிக்கொண்டு நேராகப் பதிவாளர் அறைக்கு நடந்தார். நாங்கள் இருபது பேர் பின்னாலேயே போனோம்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணுங்க தண்ணியக் கண்டபடி செலவழிக்கிறாங்க. நான் என்னம்மா பண்ண முடியும்?"

"எம்புள்ளைக செலவழிக்கல சார். ஒரு மணி நேரம் குடுங்க, நிரூபிக்கிறேன்."

மதியம் பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதியது. விடுதியில் எவளும் குழாயைத் தொடக் கூடாது. சமையலறையில் அரிசியைப் பாதி களைந்த மாஸ்டர் கையை அப்படியே தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா தொட்டி மேல் ஏறி, ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தை அளந்து அடையாளம் போட்டார். கீழே பதிவாளர் கைக்கடிகாரத்தோடு வெயிலில் நின்றார். நிழலுக்குப் போக அக்கா விடவில்லை.

ஒரு மணி. மீண்டும் குச்சி. மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது!

தொட்டி மேலிருந்தே அக்கா கூவினார்: "ஒரு புள்ள குழாயத் தொடல. அப்ப எந்தப் பேய் சார் குடிக்குது?"

அக்கா இறங்கி, தொட்டியிலிருந்து, பூட்டிக் கிடந்த விருந்தினர் மாளிகைக்கு மண்ணுக்கடியில் போகும் குழாயின் தடத்திலேயே நடந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, ஓரிடத்தில் மட்டும் கோரை இடுப்பளவு வளர்ந்து தளதளவென்று நின்றது.

"தோண்டுங்கலே!"

பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து மண்வெட்டியால் தோண்டினார்கள். மூன்றடிக்குள் சேறு. குழாய் இணைப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "எங்க, எங்க?" என்று குனிந்த பதிவாளரின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தலைமுதல் கால்வரை நனைந்து, கண்ணாடியைத் தேடிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்த நோட்டீஸக் கிழிச்சிடுங்கப்பா."

நாங்கள் போட்ட சத்தம் திருச்சுழி வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகும் ஆழ்துளைக் கிணறு கஞ்சத்தனமாகத்தான் கொடுத்தது. ஆளுக்கு அரை வாளி என்று அக்கா சட்டம் போட்டார். குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கக் கொடுத்தார். முணுமுணுப்பே இல்லை. எங்களைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியவர் கேட்டால் கால் வாளிக்கும் சம்மதித்திருப்போம். ஒரு தேர்வுகூடத் தள்ளிப்போகவில்லை. முத்துலட்சுமி முதல் வகுப்பில் தேறினாள். தாய்மாமன் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

படிப்பு முடிந்து பல வருடங்கள் கழித்து, போன மாதம் அந்த வழியாக வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கி வளாகத்துக்குள் போனேன். அக்கா என் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்கவில்லை.

"காரியாபட்டிக்காரி என்ன செய்யுறா?"

"மதுரையில காலேஜ் டீச்சர் அக்கா."

அவ்வளவுதான். கேட்டில் நின்ற காவலாளி, எதிரே வந்த பேராசிரியர், யாரையும் விடவில்லை. "நம்ம புள்ள காலேஜுல பாடம் எடுக்குது!" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார். எனக்கு இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதையும் போகவிட்டேன்.