டெசிமலும் இரண்டாம் ரேங்கும்

ஆசிரியரைக் கண்டு ஓடி ஒளிகிற மாணவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு மாணவியைக் கண்டு ஆசிரியர்கள் ஓடி ஒளிந்தது, எனக்குத் தெரிந்து, புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். அவளை நாங்கள் டெசிமல் என்று கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் ஆசிரியர் அறைப் பக்கம் நடந்தால், உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் வெளியே கேட்கும். கணக்கு மிஸ் பீரோவுக்குப் பின்னால் நின்றபடியே டீயைக் குடித்து முடிப்பார். அரை மார்க்குக்காக அவள் அரை நாள் நிற்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். டெசிமல் என்ற பெயர் வந்ததே அதனால்தான். ஒருமுறை பிரெஞ்சுத் தேர்வில், ஓர் எழுத்தின் தலைமேல் போட்ட கோடு தப்பான பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிரெஞ்சு மிஸ் கால் மார்க் குறைத்துவிட்டார். மறுநாள் டெசிமல் பாகைமானியோடு வந்தாள். கோடு எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து காட்டினாள். மிஸ் கால் மார்க்கைக் கொடுத்துவிட்டு, அன்று மதியம் தலைவலி என்று விடுப்பு எடுத்துக்கொண்டார்.

ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் ஒருவர் எங்களை நூற்றைம்பது சதவீதம் உழைக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். டெசிமல் மட்டும் சந்தேகம் கேட்பதற்காகக் கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, விழா முடியும்வரை விடவே இல்லை. பார்த்தவர்கள் சிஸ்டருக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க என்னால் இப்போது முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அவளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. அவள் இரண்டாவது ரேங்க். நான் மூன்றாவது.

வடக்கே ஒரு பெரிய கல்லூரி. நாடு முழுவதிலிருந்தும் சில நூறு பேரை மட்டும் எடுத்து, முழுச் செலவையும் தானே ஏற்றுக்கொள்ளும் கல்லூரி. அதன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், இவர் எத்தனையாவது இடம்? தலைமை ஆசிரியையான சிஸ்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். நிறையப் பேரை அனுப்பினால் பள்ளியின் மதிப்புக் குறையும் என்று சொல்லி, அரையாண்டுத் தேர்வில் முதல் இரண்டு ரேங்க் எடுப்பவர்களின் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பப் போவதாகத் தலைமை சிஸ்டர் அறிவித்தார். முதல் ரேங்க்காரியை யாரும் அசைக்க முடியாது. ஆகவே ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து வகுப்பில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. உண்மையில் நான்தான் யாரோடும் பேசவில்லை. நோட்டை யாராவது கேட்டால் வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். பையில்தான் இருக்கும். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் என் கவலையைச் சொல்லவும் ஆள் இல்லை. மில் மூடிய பிறகு ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நின்ற அப்பா, நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

“மூணாவதுன்னா மோசமாம்மா?”

அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் எழுந்து போய்விட்டேன்.

டெசிமலுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிய காய்ச்சல் வேண்டாம், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இடையே இரண்டு நாள் வந்து போனால் போதும். இந்துவான நான், அவள் கிறிஸ்தவப் பெண் என்பதால், மாதா சன்னதியிலும் ஒரு விண்ணப்பம் போட்டேன். எனக்குத்தான் சளி பிடித்தது.

அடுத்து, வேவு பார்ப்பது என்று முடிவு செய்தேன். மதியத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் டிபன் பாக்ஸோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பையைத் தன் பக்கம் இழுத்து எனக்கு இடம் கொடுத்தாள். எத்தனை பாடம் முடித்தாள் என்று ஜாடையாகக் கேட்டேன். ஜாடை அவளுக்குப் புரியாது. முடித்தது, முடிக்காதது, புரியாதது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சொன்னாள். குறிப்பேட்டையும் எடுத்து நீட்டினாள். வேவு பார்க்கப் போனவளுக்கு எதிரியே கோட்டைச் சாவியைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அப்புறம் தினமும் போனேன். வேவு பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வீடு கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். அம்மா நர்ஸ். வாரத்தில் பாதி நாள் அம்மா வீட்டுக்கு வருகிற நேரத்தில் இவள் பள்ளியில் இருப்பாள். இவள் வீட்டுக்குப் போகும்போது அம்மா வேலையில் இருப்பார். அப்பாவைப் பற்றி அவள் சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்து வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெருவில் ஆம்புலன்ஸ் எத்தனை போகிறது என்று எண்ணுவதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அதிகமாம். ஏன் என்று தெரியவில்லை என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். நான் சிரித்தேன். அவளும், எதற்கு என்று தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அரையாண்டு முடிவு வந்தது. அவள் இரண்டாவது, நான் மூன்றாவது. இரண்டே மார்க் வித்தியாசம். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மதியம் டெசிமல் இயற்பியல் விடைத்தாளோடு வந்து, ஆசிரியர் அறைக்குத் துணைக்கு வரச் சொன்னாள். தனியாகப் போனால் மிஸ் ஒளிந்துகொள்கிறார், ஒருத்தி கதவுப் பக்கம் நிற்க வேண்டும் என்றாள். ஏற்கெனவே இரண்டாவது ரேங்க், இன்னும் அரை மார்க் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தும் போனேன்.

இயற்பியல் மிஸ் தப்பிக்க வழியில்லை என்று கண்டு, விடைத்தாளைப் பார்க்காமலே சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“இந்தா, அரை மார்க்கு போட்டுர்றேன். எடுத்துக்கிட்டுப் போ.”

“ஏத்தறதுக்கு வரல மிஸ். கொறைக்கணும்” என்றாள் டெசிமல்.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து கணக்கு மிஸ் தலை நீட்டினார். டெசிமல் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டிக் காட்டினாள். அறுபத்து நாலுதான் வருகிறது, மிஸ் அறுபத்தேழு என்று போட்டிருக்கிறார். மிஸ் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதை யாரும் பார்க்கப் போவதில்லை, விட்டுவிடு என்றார். டெசிமல் நகரவில்லை.

“ரேங்க் போயிடும்டி, தெரியுதா ஒனக்கு?”

“தெரியும் மிஸ். இவளைவிட ஒரு மார்க்கு கம்மியாயிடுவேன்.”

மிஸ் என்னைப் பார்த்தார். கணக்கு மிஸ்ஸும் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடுங்க மிஸ் என்றிருக்கலாம். தலைமை சிஸ்டரிடம் மூன்று பேரையும் அனுப்பச் சொல்லிக் கேட்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஓடக்கூட இல்லை. பேனா தாளில் கிறுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்தேன்.

சாயங்காலம் புதிய பட்டியல் ஒட்டினார்கள். நான் இரண்டாவது. அன்றுதான் முதல்முறையாக அவளிடம் நேராகக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. அவளுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இல்லாத மூணு மார்க்க வச்சிக்கிட்டு நான் எங்க போய் உக்கார்றது?” என்றாள்.

அவள் அலைந்ததெல்லாம் அதிக மார்க்குக்காக என்று நாங்கள் நினைத்திருந்தோம். சரியான மார்க்குக்காக அலைந்திருக்கிறாள். மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் இது எங்களில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை. என் விண்ணப்பத்தையும் அவள்தான் சரிபார்த்தாள். சதவீதத்தில் நான் செய்திருந்த ஒரு தப்பைத் திருத்திக் கொடுத்தாள்.

எனக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்பில் சேர்ந்தாள். கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நான் போகவில்லை. நேரமில்லை என்று காரணம் வைத்திருந்தேன்.

அங்கே போனால், ஒவ்வொருத்தியும் தன் பள்ளியில் முதலாவது, இரண்டாவது. இந்தி தெரியாமல், குளிர் தாங்காமல், சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் பருவத் தேர்வின் முடிவைப் பார்த்தபோது, அப்பாவிடம் சொல்ல முடியாது என்று தோன்றியது. யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தாள். ஆறு மாதமாகப் பேசாதவள் போன் செய்கிறாளே என்று அவள் ஆச்சரியப்படவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

“கிளாஸ்ல எத்தினி பேரு?”

“அறுபத்திரண்டு.”

“நீ?”

“ஐம்பத்தெட்டு” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனில் அவள் எண்களை முணுமுணுப்பது கேட்டது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

“அப்ப ஒனக்குப் பின்னாடி நாலு பேர் இருக்காங்க. அவங்ககிட்ட பேசுனியா?”

பேசவில்லை. மறுநாள் பேசினேன். ஐம்பத்தொன்பதாவது ஒரு மணிப்பூர்ப் பெண். அவளும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எதிர்ச் சுவரை. படிப்பு முடியும்வரை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் ஐம்பத்தெட்டிலிருந்து மெல்ல மேலே வந்தது வேறு கதை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது கோரிமேட்டுக்குப் போனேன். டெசிமல் இப்போது ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புள்ளிவிவர வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கு இன்னும் நர்ஸ் வேலை. வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்: அன்று நான் வேண்டுமென்றேதான் பேசாமல் நின்றேன், மிஸ் குறைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன் என்று.

“தெரியுமே” என்றாள். “நீ பேசியிருந்தாலும் கொறைக்கத்தான் சொல்லியிருப்பேன். அதனால நீ பேசாதது கணக்குல வராது.”

பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, ஊரில் பெய்த மழையை வைத்து அவள் தானாகச் செய்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியைக் காட்ட ஆரம்பித்தாள். கேட்பதற்கு ஆள் கிடைத்து நாளாகிவிட்டது போலிருக்கிறது, மூச்சு விடாமல் பேசினாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. நான் திரும்பிப் போக வேண்டிய இரண்டு மணி சென்னை பஸ்ஸை விட்டேன். அப்புறம், அடுத்த வரைபடத்தையும் காட்டச் சொல்லிக் கேட்டு, மூன்று மணி பஸ்ஸையும் விட்டேன்.