சித்தப்பாவின் காருக்கு வந்த புது ஓனர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன காரும் பெரும்பாலும் நலம். திங்கட்கிழமை புது வேலையில் சேரக் கார் வேண்டும், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுவது என் கடமை.

வசந்தம் நெருங்குகிறதல்லவா? கொல்லைப்புறத்தில் ஒரு கருப்பு வெள்ளைக் குருவி விடிந்ததும் பாட ஆரம்பித்தது. என்ன இனிமை என்று பள்ளி மலருக்குப் பன்னிரண்டு வரிக் கவிதையே எழுதிக் கொடுத்தேன். பிறகுதான் நூலகப் புத்தகத்தில் படித்தேன், அது பாட்டே இல்லையாம்! "இது என் இடம், உள்ளே வந்தால் தொலைந்தாய்" என்ற மிரட்டலாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிதையைத் திரும்பக் கேட்டால், அச்சுக்குப் போய்விட்டது என்கிறார் ஆசிரியை.

மிரட்டலோடு நின்றதா? உங்கள் காரின் பக்கக் கண்ணாடியில் தன்னையே பார்த்து, எவனோ எதிரி என்று நினைத்து, கொத்து கொத்தென்று கொத்தியது. என் வீட்டுப்பாடம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று கொத்து. நடுநடுவே கதவின்மேல் எச்சம் வேறு. "கார்தான் உன் சித்தப்பாவோடது, ஓனர் இவர்தாம்மா" என்று அப்பா சிரித்தார். "சிரிங்க, உங்க தம்பி வந்து கேட்டா அப்ப தெரியும்" என்றார் அம்மா. நான் என் பள்ளிக் காலுறைகளை இரண்டு கண்ணாடிக்கும் மாட்டிவிட்டேன், வாரம் ஒருமுறை வண்டியை எடுக்கச் சொல்லியிருந்தீர்களே, அப்பா அன்றுதான் எடுத்தார், காலுறையைக் கழற்றாமலே பின்னால் எடுத்தார், "வரலாமா?" என்று கேட்டார், குருவியையே பார்த்துக்கொண்டிருந்த நான் "வாங்கப்பா, வாங்க" என்றேன், சுவர் மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

பம்பரில் ஒரு சின்னப் பள்ளம். ஒரு கிண்ணம் அளவுதான். அன்றிலிருந்து அப்பா சாவியையே தொடவில்லை. காருக்கு முழு உறை போட்டு மூடிவிட்டார். மூன்று வாரமாகக் கொத்தும் இல்லை, சண்டையும் இல்லை. ஓனர் காலி செய்துவிட்டார். ஆகவே சனிக்கிழமை தைரியமாக வந்து காரை எடுத்துச் செல்லலாம்.

புது வேலையில் நீங்கள் பேரும் புகழும் பெற அம்மா, அப்பா, நான் மூவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும்
அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் காரைத் துடைக்கலாமென்று உறையைத் தூக்கினேன். வைப்பருக்குப் பின்னால் கூடு! நான்கு முட்டை! உள்ளே மெத்தையாக என் காலுறை நூல்! குஞ்சுகள் பறந்துபோக ஒரு மாதம் ஆகுமாம். "அதுவரைக்கும் எவனாவது அந்தக் காரைத் தொட்டுப் பாருங்க" என்கிறார் அம்மா. எனவே சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, பஸ்ஸிலேயே திரும்பவும். வாசலில் நுழையும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளவும். ஓனர் மதில்மேல்தான் இருக்கிறார்.