ஆறு கட்டத்தில் அடங்காத சொந்தம்

சிவகாசி

காரியாபட்டியில் கோபத்தோடும் குறைவில்லாத ஆரோக்கியத்தோடும் இருக்கும் மச்சான் சிவபாண்டிக்கு, உங்கள் அக்காள் புருஷன் ராஜபாண்டியன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கல்யாண வேலைக்கு முன்னதாகவே வந்துவிட்ட உங்கள் வீட்டம்மா வீரலட்சுமியும் நலம். உங்கள் போன்தான் என் நம்பரைக் கண்டதும் மூர்ச்சையாகிவிடுகிறது, அதனால் கடிதம்.

கல்யாண பிளெக்ஸில் உங்கள் படம் மேல் வரிசையில் இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தாய்மாமன் மாலை போடாமல் மேடை ஏறமாட்டேன் என்கிறாள் என் மகள் பிரீத்திகா. நடந்ததைக் கேளுங்கள். மணமக்கள் படத்துக்கு அடியில் ஆறு கட்டம், மேலே மூன்று, கீழே மூன்று. என் அண்ணன் நல்லசிவம் வீடு, என் தங்கை வீடு, உங்கள் வீடு, வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டி என்று இரண்டு படம். முதலில் அண்ணனையும் மதினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தங்கை பார்த்துவிட்டு, "அவுக ரெண்டு பேரும் சேந்து நிக்கிறதப் பாத்தா அவுக வீட்டுக் கல்யாணம் மாதிரில்ல இருக்கு! நாங்க என்ன பந்தி பரிமாற வந்தவுகளா?" என்றாள். சரி, ஒரே வீட்டார் பக்கவாட்டிலும் ஒட்டக்கூடாது, மேலும் கீழுமாகவும் ஒட்டக்கூடாது என்று முடிவானது. பிரீத்திகா கணக்கில் எம்.எஸ்சி. அல்லவா, வீட்டுக்கு ஒரு எண்ணாக ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டத்தில் போட்டுப் போட்டு அழித்து, "பன்னெண்டு வழி இருக்குப்பா" என்றாள். நான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள், "ஆனா எந்த வழியில வச்சாலும் வீட்டுக்கு ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழதான்" என்று தலையில் குண்டைப் போட்டாள். வீட்டுக்கு வீடு இருந்த சண்டை அப்போதே வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மதினி அண்ணனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டம்மாவோ, "அண்ணாச்சி, காரியாபட்டியில வேணா அவுக மேல இருக்கட்டும். சிவகாசியில நாந்தேன்" என்கிறார். என் அச்சகத்தில் எத்தனையோ லட்சம் பட்டாசு லேபிள் அடித்திருக்கிறேன், ஒரு புஸ்வாணமும் என்னை ஏன் கீழே வைத்தாய் என்று கேட்டதில்லை.

மச்சான், கீழ் வரிசைக்குச் சம்மதித்துவிடுங்கள். ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு நேராக இருப்பது அதுதான், மேல் வரிசையில் காக்காய்தான் உட்காரும். கோபத்தை என்மேல் காட்டுங்கள். கல்யாணத்தன்று பிள்ளை உங்களைத் தேடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் தாங்க முடியாது.

மாரியம்மன் உங்களுக்கு எல்லா வளமும், கூடவே கொஞ்சம் பொறுமையும் தரட்டும்.

அன்புடன்,
ராஜபாண்டியன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அண்ணன் வந்து டிசைனைப் பார்த்துவிட்டார். "ஏலே, தங்கச்சியும் மாப்பிள்ளையும் மூலைக்கு மூலை முட்டுதாகளேலே!" என்றார். மூலையும் முட்டக்கூடாது என்றால் எத்தனை வழி என்று பிரீத்திகாவைக் கேட்டேன். "ஒண்ணுகூட இல்லப்பா" என்றாள். ஆகவே தாய்மாமன் ஒருவர் போதும் என்று உங்கள் படத்தை மட்டும் பெரிதாக அடித்து மண்டப வாசலில் கட்டிவிட்டேன். மற்ற ஐந்து பேரும் இப்போது என் வீட்டு சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே பேச்சும் சிரிப்புமாக, கல்யாணத்துக்கு வருவதில்லை என்று ஒற்றுமையாக முடிவெடுத்திருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டம்மா.