என் தலை ஆடியதற்கு நான் பொறுப்பல்ல

பசியாவரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆரம்பாக்கம் சம்பந்தி ஆதிகேசவன் அவர்களுக்கு, துளசிங்கம் கும்பிட்டு எழுதுவது. குனியாமல்தான் கும்பிட்டேன், திமிர் என்று நினைக்க வேண்டாம், டாக்டர் உத்தரவு. இங்கே என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம். அங்கே தாங்களும் வீட்டில் அம்மாவும் மாப்பிள்ளை இளவழகனும் கழுத்தோடு சேர்த்து நலமாக இருக்க கெங்கையம்மனை வேண்டுகிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். குனிந்து எழுதக் கூடாது, குனிந்து போனும் பார்க்கக் கூடாது என்பதால் காகிதத்தைப் பீரோ கதவில் ஒட்டி, நின்றபடி எழுதுகிறேன். கழுத்தில் கட்டியிருக்கும் பட்டையால் காகிதம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் முதல் நாலு வரி பீரோவிலேயே போய்விட்டது. "இன்னாயா இது, பீரோவுக்கா லெட்டர் போடற?" என்று என் வீட்டுக்காரி குப்பம்மா எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். எல்லாம் அழிந்தது, 'சம்பந்தி' மட்டும் அழியவில்லை. இனி தாங்கள் எங்கள் பீரோவில் நிரந்தரம்.

விஷயத்துக்கு வருகிறேன். பூ வைக்க வந்த அன்று தங்கள் தம்பி கோபால் சபையில் எழுந்து, "கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு கம்பெனி வேலைக்குப் போவக் கூடாது. இன்னா சம்மந்தி, சரிதானே?" என்று கேட்டார். என் தலை ஆடியது. ஆடியது உண்மை, ஆட்டியது நானில்லை. டிஸ்க். இதைத் தாங்கள் நம்ப வேண்டுமானால் நோயை ஆதியிலிருந்து சொல்லியாக வேண்டும்.

முதலில் வலது கையில் கட்டை விரலும் பக்கத்து விரலும் விறுவிறுத்தன. மீன் பிடிக்கிற நம் தொழிலில் விரல் விறுவிறுத்தால் எவன் கழுத்தைப் பார்ப்பான்? கெளுத்தி முள் குத்தியிருக்கும் என்று குப்பம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள், விறுவிறுப்பு அப்படியே இருக்க கை மட்டும் வெந்தது. பிறகு வலி தோளிலிருந்து கைக்கு கரண்ட் மாதிரி இறங்க, என்னோடு தோணியில் வரும் பிரகாஷ், "பாத்தியாண்ணே, வெசம் தோள் வரைக்கும் ஏறிக்கிச்சி. இது பெரிய கெளுத்தி" என்று குத்தாத கெளுத்திக்கு எடை போட்டான். அப்புறம் பிடி தளர்ந்தது. நண்டுக் கூடையைத் தோணிக்குள்ளேயே கவிழ்த்தேன், பிரகாஷ் பலகை மேல் ஏறி நின்று என் பரம்பரையையே விசாரித்தான். ஒருநாள் தோணி தள்ளும் கழி சேற்றில் நட்டுக்கொண்டது, பிடித்திழுக்க விரலில் பலமில்லை, கழி அங்கேயே நிற்க நானும் தோணியும் காற்று போன பக்கம் போனோம். போதாக்குறைக்கு பழவேற்காட்டு சலூனில் கழுத்தைக் கொடுத்தேன். அவர் இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, 'டக்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து பின்னால் யார் கூப்பிட்டாலும் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான் தாங்கள் பூ வைக்க வந்தீர்கள். கோபால் கேட்ட அதே நேரம் கழுத்தில் ஒரு வெட்டு வெட்டியது, தலை வலது தோளில் சாய்ந்தது. "சம்மந்தி தலயாட்டிட்டாரு! தட்ட மாத்துங்கபா!" என்று ஒரே கூச்சல். இல்லை என்று தலையசைக்கப் பார்த்தால் கழுத்து திரும்பவில்லை, இடுப்போடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினேன். "சந்தோசத்துல ஆட்றாரு பாரு!" என்றார் தங்கள் தம்பி. வாயில் கேசரியை வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் பொன்னேரி டாக்டரிடம் போனேன். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்குமாம், அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "தோணியும் தோணியும் இடிக்காம நடுவுல டயர் கட்டுவோமே, அது மாரியா சார்?" என்றேன். "அதேதான்யா" என்றார். ஒன்பதாவதோடு நின்ற எனக்குப் பாஸ் போட்ட மாதிரி இருந்தது. "முக்காவாசிப் பேருக்கு மாத்திரை, பயிற்சியிலயே சரியாயிடும். ஆனா கை பலம் கொறைஞ்சிக்கினே போனாலோ, நடக்கறப்ப கால் தடுமாறினாலோ, ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம் வந்தாலோ உடனே ஓடி வரணும். சலூன்காரர்கிட்ட இனிமே முடிய மட்டும் குடு" என்றார். சம்பந்திக்கு எழுதக் கூடாத சங்கதியெல்லாம் எழுதுகிறேன், மன்னிக்கவும். நான் வந்து ஊரில் சொன்னதிலிருந்து பசியாவரத்தில் சாதாரணக் கழுத்துவலியே ஒழிந்துவிட்டது. வலை இழுக்கக் கூப்பிட்டால் பிரகாஷ் டிஸ்க் என்கிறான், பாத்திரம் துலக்கச் சொன்னால் குப்பம்மாவும் டிஸ்க் என்கிறாள்.

என் மகள் பூவிழிதான் எதுவும் சொல்வதில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சரக்கின் தரம் பார்த்துக்கொண்டிருந்தவளை இப்போதுதான் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். விடியலில் போகிறாள், வருகிறாள், என் பக்கத்தில் மாத்திரையை வைக்கிறாள், போய்விடுகிறாள். பூ வைத்த நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. "அவர மாத்திர போடச் சொல்லும்மா" என்று எனக்கு முன்னாலேயே அவள் அம்மாவிடம் சொல்கிறாள். நைனா போய் 'அவரு' ஆகிவிட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்கள் அன்று ஆடிய தலையை ஆடாத தலையாகக் கருதி, சபையைத் திரும்பக் கூட்டி, பெரியவர்களாகப் பார்த்து ஒரு நல்ல முடிவு எடுக்க வேண்டும். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எல்லாம் தங்கள் பெருந்தன்மை.

அம்மாவுக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், கை மேலே தூக்க முடியாததால் இடுப்பு உயரத்தில் செய்திருக்கிறேன், பலன் ஒன்றுதான்.

இப்படிக்கு,
கழுத்தால் கெட்ட
துளசிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பூவிழியிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "டிஸ்க்கு கழுத்துல நைனா, சரி. வாயில இன்னா?" என்றாள். டாக்டரிடம் நானும் இதையே ஏற்கெனவே கேட்டிருந்தேன். டிஸ்க் வலிக்குமாம், மரத்துப்போகுமாம், பிடியைத் தளர்த்துமாம், ஒருத்தன் பேச்சை மட்டும் நிறுத்தாதாம். ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள் சம்பந்தி. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். அன்று சபையில் நான் வாய்விட்டுச் சொல்லாதது இவ்வளவுதான்: என் பொண்ணு வேலைக்குப் போவா.