காலமானவரை ஏற்றிவரப் போன ஜீப்

ஒரு தரம் பலித்துவிட்ட யோசனையைப் போல ஆபத்தானது வேறில்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு அப்படி ஒன்று பலித்துத் தொலைத்தது.

தேனியில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுக் கோர்ப்பவருக்கு எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று குறித்துத் தருவது வழக்கம். நான் அதை மாற்றினேன். ஆள் பெயருக்குச் சிவப்புக் கோடு, ஊருக்கு நீலக் கோடு. எது என்ன என்று குறித்துவிட்டால், அதே தாளை வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கலாம், வாழ்த்து மடலும் அடிக்கலாம். முதலாளியே மெச்சினார். (அதோடு நிறுத்தியிருக்கலாம்.)

கம்பத்தில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஜீப் பேசியிருந்தோம். டிரைவருக்குப் பட்டியல் வேண்டும் என்றார் அப்பா. "நான் கோடு போட்ட பத்திரிகைத் தாளு இருக்குல்ல, அஞ்சு நிமிசம்" என்றேன். நீலத்தில் போய் நிறுத்து, சிவப்பை ஏற்று. அவ்வளவுதானே?

பத்திரிகையில் மாப்பிள்ளை, 'மயிலாடும்பாறை தெய்வத்திரு பெருமாள்சாமி அவர்களின் குமாரர்.' தெய்வத்திருவுக்கு நான் நிறம் ஒதுக்கவில்லை. அவர் காலமானது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே!

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜீப் காலியாகத் திரும்பியது.

"பெருமாள்சாமி ஐயாவ ஏத்திட்டு வரச் சொன்னாகன்னேன்" என்றார் டிரைவர். "மாப்பிள்ளையோட ஆத்தா, 'அவுக போயி நாலு வருசமாச்சு, என் பேரு இருக்கா பாரு'ன்னாக. இல்லன்னேன். 'செத்தவருக்கு வண்டி வருது, பெத்தவளுக்கு எடமில்லையா? நாங்க யாரும் வரல'ன்னுட்டாக."

உள்ளே அக்கா அழ ஆரம்பித்தாள். அப்பா செருப்பைத் தேடினார். (வெளியே கிளம்ப அல்ல.) நானே சரிசெய்கிறேன் என்று அதே ஜீப்பில் ஏறினேன்.

போனவன் காலில் விழுந்திருக்க வேண்டும். நானோ தாளை விரித்து, சிவப்பு எதற்கு, நீலம் எதற்கு என்று அந்த அத்தைக்கு விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"இம்புட்டு வெவரமாக் கோடு போட்டிருக்கியே தம்பி, பெத்தவ பேரு எங்கன இருக்கு?"

பத்திரிகையிலேயே இல்லை. அப்பன் பெயரை மட்டும் போடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எழுதாத பெயருக்கு எந்தக் கோட்டைப் போடுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளின் ஓரத்தில் 'பாக்கியம்' என்று அவர் பெயரை எழுதிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, காலில் விழுந்தேன்.

"மண்டபத்துல மைக்குல வாசிப்பியா?"

"வாசிக்கிறேன் அத்தை."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மறுநாள் மூன்று தரம் வாசித்தேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நான் எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், அன்றைய மாப்பிள்ளையான மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்பார்: "இதுல உசுரோட இருக்குறவுக எத்தன பேரு மாப்ள?"