சர்வீசுக்குப் போன கிரைண்டர்

மும்பையில் விற்ற பொருளைத் திரும்பிப் பார்க்கிறவன் கிடையாது. காசை வாங்கினோமா, லிஃப்ட் கதவைச் சாத்தினோமா என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இந்த ஊரின் கோடிக்கணக்கான ஜனத்தில், தான் விற்ற சாமான்களை மாதாமாதம் வீடு தேடிப் போய்ப் பார்த்து, நலம் விசாரித்து, மார்க் போட்டுவிட்டு வருகிற ஒரே மனிதர் இன்ஸ்பெக்‌ஷன் மாமாதான். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

மாமா மாட்டுங்காக்காரர். மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, பரிசோதனை ஓயவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த ஜாதகங்களையெல்லாம் அவரே பரிசோதித்து ரிஜெக்ட் செய்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மருமகள்கள் என்று பதினோரு பேர் இருந்த வீடு அவருடையது. ஒவ்வொருவராகப் புனே, பெங்களூர், அமெரிக்கா என்று போய், கடைசியில் மாமாவும் சாமான்களும் மட்டும் மிஞ்சினார்கள். அப்போது பார்த்து, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தார். மூன்றே வருடம், அதுவரை டோம்பிவிலியில் ஒரு சின்ன வாடகை வீடு என்று ஏற்பாடு. அந்த மூன்று வருடம் இப்போது ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பதினோரு பேர் சாமான் ஒற்றை அறைக்குள் போகாது. மாமா செல்போனில் பழைய சாமான் விற்கும் ஆப்பை இறக்கிக்கொண்டார். அதில்தான் நான் சிக்கினேன். நான் தாராவியில் பிறந்து வளர்ந்து, செம்பூரில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கிய ஆள். என் மனைவி செல்விக்கு ஒரு வெட் கிரைண்டர் வேண்டியிருந்தது. மாமா இங்கிலீஷில் போட்டிருந்த விளம்பரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வெட் கிரைண்டர். பதினோரு பேருக்கு அரைத்த அனுபவம் உண்டு. குறை: வலது முன்கால் குட்டை, அட்டை வைக்கவும். தனியாக இருப்பவர்கள் கேட்க வேண்டாம்.’

நேரில் போனோம். கிரைண்டரைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

“ஆத்துல எத்தனை பேர்?”

“நாலு பேர் மாமா.”

“வாரத்துக்கு எத்தனை நாள் இட்லி?”

“மூணு நாள்” என்றேன். இரண்டு நாள்தான்.

“உளுந்தைத் தனியா அரைப்பேளா, அரிசியோட சேத்துப் போட்டு அரைச்சுடுவேளா?”

செல்விக்கு ரோஷம் வந்துவிட்டது. “தனியாத்தான் மாமா. ஒண்ணாப் போட்டு அரைச்சா எங்க ஊர்ல வீட்டுக்குள்ளயே விடமாட்டாவ.”

“பாஸ்” என்றார் மாமா.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு பெல் அடித்தது. வாசலில் கையில் டார்ச்சோடு மாமா. நேராகச் சமையலறைக்குப் போனார், குனிந்து அட்டையைப் பார்த்தார், கிரைண்டரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். “சத்தம் ஓகே. இனி ரிசல்ட் பாக்கணும்” என்று சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். ரிசல்ட் என்றால் இட்லி. ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, “கண்டிஷனல் பாஸ். உளுந்து இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடணும்” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் எங்கள் வீடு. மற்ற ஞாயிறுகளில் அவருடைய கட்டில், கடிகாரம், ஸ்டூல் முதலியவை குடியிருக்கும் வீடுகள்.

இந்த ஆப் விஷயத்தில் மாமாவுக்கு ஒரு ராசி உண்டு. ஒருமுறை மூடி தொலைந்துபோன குக்கரை ஒருவருக்கு விற்றார். இரண்டு வருடம் கழித்து டோம்பிவிலியில் ஏதோ கோணிப்பைக்குள் மூடி அகப்பட்டது. ‘மூடி மட்டும், குக்கர் இல்லை’ என்று விளம்பரம் போட்டார். ஒரே ஒரு ஆள் கேட்டார். தாதர் ஸ்டேஷன் பாலத்தில் சந்தித்தால், அதே குக்கர்காரர்! “ரெண்டு வருஷமாத் தட்டைப் போட்டு மூடிட்டிருக்கேன் சார்” என்று அவர் கண்கலங்கினாராம்.

இன்னொரு முறை மழைக்காலத்துக்கு முன் பழைய குடை ஒன்று வாங்கினார். புதுக்குடை வாங்க மாட்டார். ஒரு மழையாவது பார்க்காத குடையை எப்படி நம்புவது என்பார். முலுந்தில் ஒரு மராத்திப் பையனிடம் வாங்கி விரித்தால், உள்ளே வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய இனிஷியல்! ஒன்பது வருடம் முன்பு லோக்கல் ரயிலில் விட்ட குடை. “யே மேரா ஹை! என்னோடது!” என்று மாமா கூவ, பையன் நடுங்கிப்போனான். மாமா கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, “ஏக் கம்பி டேடா ஹோ கயா. வளைஞ்சு போயிடுத்து பாரு. சரியாப் பாத்துக்கலை நீ” என்று திட்டிவிட்டு, அவன் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டிலும் மாமா கிரைண்டரோடு நிற்கவில்லை. ஃபேன், குழாய், என் மூக்குக்கண்ணாடி, மகளின் கணக்கு நோட்டு எல்லாம் பரிசோதனைக்கு உள்ளாயின. என் அப்பா போன பிறகு என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட ஆள் இல்லாமல் இருந்தது. மாமா வந்து அந்தக் குறையைத் தீர்த்தார். முதல் ஞாயிறு என்றால் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்படி நாலு வருடம் ஓடியது. செல்விக்கு குர்லாவில் வேலை கிடைத்தது. ஊறவைக்க, அரைக்க நேரமில்லை. கிங்ஸ் சர்க்கிள் கடையிலிருந்து நான் மாவு பாக்கெட் வாங்கிவர ஆரம்பித்தேன். சும்மா இடத்தை அடைத்த கிரைண்டரை ஒரு முதல் ஞாயிறு கழிந்த மறுநாள் அதே ஆப்பில் போட்டோம். நாலு மணி நேரத்தில் தாணேயிலிருந்து சுமதி என்றொரு பெண் டெம்போவோடு வந்து தூக்கிப் போய்விட்டாள். மாமாவிடம் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அடுத்த முதல் ஞாயிறு பெல் அடித்தது.

“ஏங்க, மாமா வந்துட்டாவ! என்ன சொல்லப் போறிய?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். மனிதர் நொந்துபோவாரே என்பது பாதி. கிரைண்டர் இல்லாத வீட்டுக்கு இனி எதற்கு வருவார் என்பது மீதி. வாய் தானாகப் பேசியது. “கிரைண்டர் சர்வீசுக்குப் போயிருக்கு மாமா. தாராவியில, நம்ம மச்சான் கடையில.”

மாமா டார்ச்சை அணைத்தார். பாக்கெட் மாவு இட்லி ஆறு சாப்பிட்டார். “நம்ம கிரைண்டர் மாவுன்னா அது தனிதான்டா! ஃபுல் பாஸ்!” என்றார். செல்வி சமையலறைக்குள் போய்ச் சிரிப்பை அடக்கினாள்.

அடுத்த மாதமும் வந்தார். “இன்னும் சர்வீஸா? சரி, அவசரப்படுத்தாதே. நிதானமாப் பண்ணட்டும்.” அதற்கடுத்த மாதம், “மச்சான் சௌக்கியமா?” என்று கேட்டார். ஐந்தாவது மாதம் அந்தப் பொய்யை இழுக்க என்னால் முடியவில்லை. கேட்ட விலை கொடுத்துக் கிரைண்டரைத் திருப்பி வாங்கிவிடுவது என்று சுமதிக்குப் போன் போட்டேன்.

“அரே, முடியவே முடியாது அண்ணே” என்றாள். “அதைப் பாக்க மாசாமாசம் ஒரு மாமா வர்றாரு. அவருக்கு என்ன ஜவாப் சொல்றது?”

“எந்த மாமா?”

“எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர்கிட்ட வாங்கினது. ரெண்டாவது ஞாயிறு அதைச் செக் பண்ண வருவாரு. நீங்க குடுத்த அதே வாரம் வந்தவரு கிரைண்டரைப் பாத்துட்டாரு. குனிஞ்சு அதோட வலது முன்காலைத் தொட்டாரு. எங்க வாங்கினேன்னு கேட்டாரு. செம்பூர்னு சொன்னேன். ஏன்னு தெரியல, சிரிச்சுக்கிட்டே இருந்தாரு.”

இத்தனை பெரிய ஊரில் எங்கள் கிரைண்டர் போய் நின்றது மாமாவின் கடிகாரத்துக்குக் கீழே! முதல் வாரமே எல்லாம் தெரிந்தும், நாலு மாதமாக வந்து சர்வீஸ் எப்படி நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முதல் ஞாயிறு, இட்லி வைத்த கையோடு ஆரம்பித்தேன். “மாமா, அந்தக் கிரைண்டர் விஷயம்...”

“சர்வீஸ்ல இருக்கு. தெரியும்” என்றார் மாமா, இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி. “அங்கேயே இருக்கட்டும்டா. இங்க இருந்தப்போ அதைக் குனிஞ்சு பாக்கறதுலயே அரை மணி போயிடும். இப்போ அந்த நேரமும் உங்களோட பேசிண்டிருக்கேன் பாரு.”

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாம்பாரைக் கிளறினாள்.

“அப்புறம் செல்வி,” என்றார் மாமா, “அந்த பாக்கெட் மாவுல உப்பு ஜாஸ்தி. கடையை மாத்தச் சொல்லு இவனை.”

கடையை மாற்றிவிட்டேன். இப்போது மாவு பாஸ். கிரைண்டர் இன்னும் சர்வீசில்தான் இருக்கிறது. அது எங்கே திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கவலை.